ஈடுபாட்டில் தன்னிறைவு

திருமழிசை பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. அதன் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுத்த நாளில் வடிவுக்கு டியூட்டி. தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி கம்பெனியில் வேலை. கூட்டத்துக்கு வராததால் அவளால் மறுக்க முடியவில்லை. ஏகமனதாகத் தலைவி ஆனாள்.

பதவி ஏற்றதும் ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் மகள் யுவராணி படிக்கும் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர் இல்லை. ஒருவரைப் போட வேண்டும்.

மேலிடத்திலிருந்து கல்வி அதிகாரி தமிழ்வாணன் பதில் அனுப்பினார்: "பெற்றோர் ஈடுபட்டால் மாணவர் அடைவு உயரும் என்பது ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எனவே ஈடுபடவும்."

"இன்னா மேடம் சொல்றாரு?" என்றாள் வடிவு.

"உங்களையே பாடம் எடுக்கச் சொல்றாரும்மா" என்றார் தலைமை ஆசிரியை சொர்ணம்.

டீச்சர் இல்லாமல் கிடப்பதற்கு இது மேல் என்று வடிவு நைட் ஷிப்ட்டுக்கு மாறினாள். இன்னொரு மாணவனின் தாய், இட்லிக் கடை முனியம்மாவுக்கு வெப்பமும் ஆவியும் ஒதுக்கப்பட்டது. வடிவுக்கு ஒளிச்சேர்க்கை.

"இலை சாப்பாடு செய்யுதுன்றியே, அதுக்கு வாய் எங்கம்மா கீது?" என்று எழுந்தாள் யுவராணி.

வடிவு சாக்பீஸால் மேசையைத் தட்டினாள். "அதெல்லாம் பரிச்சைக்கு வராது, ஒக்காரு!"

அதற்குப் பிறகுதான் வகுப்பு அவளை முழு டீச்சராக ஏற்றுக்கொண்டது.

தேர்வு வந்தது. திருத்தவும் ஆள் இல்லை, பெற்றோரே திருத்தினார்கள்.

"கேள்வி நம்பர எவ்ளோ அழகா எழுதிக்கீறான் பாரு!" என்று மகன் ஜெகனுக்கு முழு மார்க் போட்டாள் முனியம்மா. வடிவு தலைவி என்ற முறையில் அதைத் தடுக்க நினைத்தாள். பிறகு யுவராணியின் தாளை எடுத்தாள். நினைப்பு மாறிவிட்டது.

அடைவு கிடுகிடுவென்று உயர்ந்தது. தமிழ்வாணனே சால்வையோடு வந்தார்.

"இப்பள்ளி ஈடுபாட்டில் தன்னிறைவு அடைந்துவிட்டது. எனவே அறிவியல் ஆசிரியர் பணியிடம் தேவையில்லை என்று புலனாகிறது."

"மார்க் கொறைஞ்சிருந்தா, சார்?" என்றாள் வடிவு.

"ஈடுபாடு போதவில்லை என்று புலனாகியிருக்கும்."

சால்வை போர்த்தப்பட்ட வடிவு விடவில்லை. "நீ எப்டி சார் ஒன் புள்ள ஸ்கூல்ல ஈடுபடுற?" என்று கேட்டே விட்டாள்.

தமிழ்வாணன் முகத்தில் பெருமை பொங்கியது.

"காட்டுப்பாக்கத்துல பிரைவேட்ல படிக்கிறான். பெத்தவங்கள கேட்டுக்கு உள்ளயே விடமாட்டாங்க. எல்லாத்தையும் டீச்சருங்களே பாத்துக்குவாங்க. அவ்ளோ தரமான ஸ்கூல்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. வடிவு சால்வையைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் நெருங்கினாள்.

"சார்... அங்க அட்மிஷன் எப்போ போடுவாங்க?"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்," என்றார் பின்னாலிருந்து சொர்ணம், "என் பேரனுக்கும் சீட் கேக்கணும்."