மடையில் கொதிக்காத சொதி

சர்க்கார் உத்தரவை மடியில் கட்டிக்கொண்டு சமையல் அண்டாவுக்குள் ஒளிந்த குமாஸ்தா இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். என் மனைவிக்குக்கூட இது தெரியாது. அண்டாவுக்குச் சொந்தக்காரர் இருந்தவரை வெளியே சொல்ல அனுமதியில்லை.

கரண்டி அண்ணாச்சியைத் தெரியாதவன் என்று தாமிரபரணிக் கரையில் ஒருவன் இருந்தால், அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்று அர்த்தம். இடுப்பில் வேட்டியும் கையில் கரண்டியும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வேட்டியாவது சில சமயம் நழுவும். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில் தேங்காய்ப்பால் சொதி வைப்பார். அதைச் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. பேசிய சம்பந்தி ஒருவருக்கு இரண்டாம் முறை ஊற்ற மறுத்துவிட்டார். அந்தச் சம்பந்தி பெண் வீட்டோடு ஆறு மாதம் பேசவில்லை.

இங்கிலாந்து மன்னர் பட்டாபிஷேகத்துக்குப் பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்த வருஷம் அது. மழை ஏமாற்றிவிட்டது. மேலமடை ஊர்க்காரர்கள் கால்வாய் மடையில் பலகை போட்டுத் தண்ணீரை மறித்துவிட்டார்கள். அடுத்த ஊரான கீழமடையில் கதிர் பால் பிடிக்கும் பருவம். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் வைக்கோலைத்தான் அறுக்க வேண்டும். பலகையை எடுக்கச் சொல்லும் தாசில்தார் உத்தரவை வாசித்துக் காட்ட என்னை அனுப்பினார்கள். கல்யாணச் சமையல் முடிந்து, மிஞ்சிய சாமான்களோடு திரும்பிய அண்ணாச்சியின் கூண்டு வண்டியில் ஓசியில் ஏறிக்கொண்டேன்.

மடைக்கு இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் அருவாள். ஒருவரும் பேசவில்லை. சத்தம் போடுகிற கூட்டமென்றால் கலைந்துவிடும். இது பேசாத கூட்டம். நான் கூண்டு வண்டிக்குள்ளேயே பைய அண்டாவுக்குள் இறங்கினேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, அண்டாவில் கரண்டி இடித்தது.

"எந்திரியும் வே. பால் பிழிய அண்டா வேணும்."

எட்டிப் பார்த்தால், இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அடுப்பு எரிகிறது. அரிசி உலையில் கிடக்கிறது. அண்ணாச்சி மேலமடை இளவட்டம் ஒருவனிடம் தேங்காயை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, சும்மாதானே நிக்கே? அருவா வச்சிருக்கேல்லா, ஒடை."

மேலமடைப் பண்ணையார் உறுமினார். "அண்ணாச்சி, நீரு இதுல தலையிடாதேயும்."

"நான் எங்கவே தலையிடுதேன்? எனக்குப் பசிக்கு. எம்பது பேருக்குக் கொறஞ்சு எனக்குப் பொங்கத் தெரியாது. வெட்டிக்கிடுததுன்னா சாப்பிட்டுட்டு வெட்டுங்க. வெறும் வயித்துல வெட்டுனா பித்தம் ஏறும்."

முதல் தேங்காய் உடைந்தது. கீழமடைக்காரன் ஒருவன், அதைவிடச் சமமாக உடைத்துக் காட்டினான். அப்புறம் எண்பது அருவாளிலும் தேங்காய்த் தண்ணீர் வழிந்தது. சர்க்கார் பிரதிநிதியான நான் பால் பிழிந்தேன். மூன்றாம் பாலில் காய் வெந்தது. கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் அண்ணாச்சி இறக்கினார். கொதித்தால் திரிந்துவிடும். கரையோரம் இலை விழுந்தது.

"சொதி மாப்பிள்ளை வீட்டுக்குல்லா? மொதப் பந்தி எங்களுக்கு" என்றார் கீழமடைப் பெரியவர்.

"அப்போ நாங்க பொண்ணு வீடோ?" என்றது மேலமடை. கைகள் மறுபடி அருவாளைத் தேடின.

"தண்ணி மேலேருந்துதானே கீழ போவுது? குடுக்கவன் பொண்ணு வீடு" என்றார் அண்ணாச்சி. "பண்ணையாரே, ஓம்ம மக கீழமடையிலதானே வாக்கப்பட்டிருக்கா? இதுல என்னவே ரோசம்?"

கீழமடை உட்கார்ந்தது. சோறு விழுந்தது, சொதி விழுந்தது. ஆனால் ஒருவனும் இலையில் கை வைக்கவில்லை. சொன்ன சீர் வந்து சேராமல் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கமாட்டார்கள் அல்லவா? நாற்பது பேரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி இலையில் பண்ணையாரின் மருமகன்.

அருவாள்களுக்கு அசையாத அண்ணாச்சி அப்போதுதான் சொதிப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பண்ணையாரே, சொதி ஆறுதுவே."

பண்ணையார் மருமகனைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "எலே, பலகையைத் தூக்குங்கடே" என்றார், யாரையோ திட்டுவதுபோல.

தண்ணீர் கீழே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் இலையில் கை விழுந்தது. இரண்டாம் பந்தியில் மேலமடை உட்கார்ந்தது. யாரும் பேசவில்லை. இது வேறு மௌனம்.

என் மடியிலிருந்த உத்தரவு தேங்காய்ப்பாலில் ஊறிப்போயிருந்தது. "உத்தரவு நிறைவேற்றப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். தாசில்தார் என் துணிச்சலைப் பாராட்டினார். அண்ணாச்சி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. இன்றும் எந்தப் பந்தியிலும் சொதி விழுந்தால் நான் வாய் திறப்பதில்லை. நிமிர்ந்தால் கரண்டியோடு நிற்பார் என்று ஒரு நினைப்பு.

மனசு உறுத்தி, பாராட்டு வாங்கிய அந்த வாரமே அவரிடம் போய், "நடந்ததை உள்ளபடி சர்க்காருக்கு எழுதப்போறேன் அண்ணாச்சி" என்று சொன்னதுண்டு.

"எழுதித் தொலைச்சிராதேயும்" என்றார். "நீரு உக்காந்திருந்த அண்டாவுலதான் பால் பிழிஞ்சதுன்னு தெரிஞ்சா, ரெண்டு ஊரும் ஒண்ணாச் சேந்துல்லா என்னைத் தேடி வரும்."