வரையாத அம்பு

கையேட்டக்கா மவுஸை இன்னும் தொடவே இல்லை. அதற்குள் ‘ரசீது’ என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு வந்து நின்றிருந்தது.

நேற்று அவள் வரைந்த அம்புதான், அதே சாய்வு, அதே தடிமன். ஆனால் நேற்று வரைந்தது ஸ்கிரீன்ஷாட்டின் மேல். இது மென்பொருளின் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கைக்குட்டையால் மானிட்டரைத் துடைத்துப் பார்த்தாள். தூசுதான் போயிற்று.

சலவைக் கடைகளுக்கான மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் கையேட்டக்காதான். பழைய கையேட்டைப் படித்த கடைக்காரர்கள் “எந்தப் பொத்தான்?” என்று போன் மேல் போன் போட்டதில் மேனேஜர் நொந்து நூலாகி, நேற்றுக் காலை அவளைக் கூப்பிட்டிருந்தார்.

“இந்தத் தடவை படத்துல அம்பு, வட்டமெல்லாம் போட்டு, பச்சைப் புள்ளைக்கும் புரியற மாதிரி செய்யுங்கம்மா. அதுக்கு நல்ல டூல் ஒண்ணு பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சாம்பிள் செஞ்சு குரூப்ல போடுங்க. எதுக்குன்னு எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்.”

“சரி சார்.”

“இதுவும் சொதப்பினா கையேட்டு வேலையை வெளியில குடுத்துடலாம்னு முதலாளி சொல்றார்.”

வேலை வெளியே போனால் பின்னாலேயே தானும் போக வேண்டியதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

அன்றே முதல் டூலில் அம்பு வரைந்து குரூப்பில் போட்டாள். அது கடைக்காரர்களின் குறைகள் வந்து விழும் குரூப். திரையைப் போனில் படம்பிடித்து, சிவப்பில் கிறுக்கி அனுப்புவார்கள். அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவே அவளுடைய அம்பு அழகாகவே இருந்தது. மூலையில் ப்ரோக்ராம் எழுதும் ஹெட்போன் மட்டும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். காதிலிருந்து ஹெட்போனை அவன் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

இப்போது இந்த அம்பு. டூல் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து அதைக் கணினியிலிருந்தே நீக்கினாள். அம்பு அசையவில்லை. கணினியை அணைத்துப் போட்டாள். அப்போதும் அம்பு இருந்தது.

“டூல் போயிடுச்சு சார். அம்பு போகமாட்டேங்குது.”

“அப்போ அது நல்ல டூல் இல்லைம்மா. வேற பாருங்க.”

இரண்டாவது டூலில் பொத்தான்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடும் வசதி இருந்தது. போட்டாள், குரூப்பில் தள்ளினாள், கட்டைவிரல் வந்தது. மறுநாள் காலையில் அம்புக்குத் துணையாக மூன்று எண்களும் திரையில் வரிசை கட்டி நின்றன.

வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். கையேட்டக்காவுக்குப் பயம் கொஞ்சம்தான், மீதி முழுக்க ஆர்வம். சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து அடி வாங்கியவள் அவள். எது எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று, யாருக்கும் தேவைப்படாத இடமாகத் தேடி, திரையின் மூலையில் நேரம் காட்டும் இடத்தைச் சுற்றி, அதே டூலால் படத்தில் ஒரு வட்டம் போட்டாள். சாட்சிக்கு இருக்கட்டுமென்று குரூப்பிலும் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மென்பொருளில் நேரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

ஓடிப்போய் மேனேஜரை அழைத்துவந்தாள்.

“இது நம்மகிட்டேருந்து கத்துக்குது சார்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார். “ஒரு தடவை காட்டினா போதும், அதுவே போட்டுக்குதா? இதையே வாங்கிடலாம்மா.”

அன்றே வாங்கினார்கள். அந்த டூலில் எழுத்துகளை மங்கலாக்கும் வசதியும் இருந்தது. கையேட்டில் வாடிக்கையாளர்களின் பெயர் தெரியக் கூடாதல்லவா? பெயர்களையெல்லாம் நன்றாக மங்கலாக்கிக் குரூப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். வழியிலேயே கட்டைவிரல் வந்துவிட்டது.

மறுநாள் அவள் கைப்பையை வைப்பதற்குள் மேனேஜரின் போன் அலறியது. இருப்பதிலேயே பெரிய சலவைக் கடையின் முதலாளி. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

“பேரெல்லாம் பனி மூடின மாதிரி இருக்குங்க. யார் சட்டை யாருதுன்னே தெரியலை. கல்யாணத்துக்குப் போகணும், கோட்டைக் குடுன்னு ஒருத்தர் கவுன்ட்டர்ல நிக்கிறார். கல்யாணமே அவருக்குத்தானாம். நான் யார் கோட்டை எடுத்து அவருக்கு மாட்டிவிடறது?”

மேனேஜர் போனை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க டூல் கடை வரைக்கும் போயிடுச்சேம்மா.”

“நானே அந்தக் கடைக்குப் போனதில்லையே சார்.”

“நம்ம முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?”

இத்தனை வருடம் பொத்தான் பொத்தானாகப் பார்த்துப் பார்த்து எழுதியதெல்லாம் ஒரு டூலால் போயிற்றே என்று அவளுக்கு அழுகையே வந்தது. அந்த நேரத்திலும், இங்கே மங்கலாக்கினால் அங்கே எப்படி மங்கும் என்ற கேள்வி மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

மேனேஜர் அவளையும் அழைத்துக்கொண்டு மூலைக்குப் போய் ஹெட்போனின் தோளைத் தட்டினார்.

“தம்பி, இவங்க வாங்கின டூல்ல ஏதோ பேய் பிசாசு இருக்கு. இவங்க எதை வரைஞ்சாலும் அது சாஃப்ட்வேர்ல வந்து நிக்குது. எங்கேருந்து வருதுன்னு கொஞ்சம் பாருப்பா.”

அவன் ஹெட்போனைக் கழற்றினான். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மேனேஜரை ஒருமுறையும் கையேட்டக்காவை ஒருமுறையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னான்.

“குரூப்ல நீங்க குறிச்சு அனுப்பினபடியே அம்பு, நம்பர், வட்டம், மங்கல் எல்லாத்தையும் அன்னன்னைக்கே செஞ்சு குடுத்துட்டேனேக்கா, இன்னும் கொஞ்சம் மங்கலா வேணுமா?”