குமிழி விழாத கை

ஓர் அணு மட்டுமே தடிமனுள்ள ஈயத்தைத் தங்கத்தின் மேல் படியவைத்து, எக்ஸ் கதிரைச் சிதறவிட்டு அதைப் படிக்கத் தெரிந்த கைகள் புதுச்சேரியில் மொத்தம் நான்கு. இரண்டு பேராசிரியை எலிஸபெத்துடையவை. மீதி இரண்டும் தன்னுடையவை என்பதில் அவருடைய ஆராய்ச்சி மாணவன் செம்மலுக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கைகள்தான் இப்போது ஒரு குமிழியோடு மல்லுக்கட்டின.

தங்க மின்முனைமேல் ஒரு சொட்டு உப்புக் கரைசல். அதற்குமேல் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். இடையில் ஒரு காற்றுக் குமிழி. மின்சாரம் கொடுத்தாலும் குமிழி இருக்கும் இடத்தில் ஈயம் படியாது. மேடம் நாலு மணிக்கு வருவார். எக்ஸ் கதிர்க் கருவி நாளைமுதல் வேறு குழுவுக்கு. இன்று விட்டால் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும்.

பஞ்சுக் குச்சியால் தள்ளினான். குமிழி இரண்டானது.

"அண்ணா, குட்டி போட்டுடுச்சு" என்றாள் ஜூனியர் இனியா.

"பேசாம இரு."

ஊசியால் ஓரத்தைத் தூக்கினான். ஐந்தானது. ஹேர் டிரையர் காட்டினான். படலம் பொரித்த அப்பளமானது. இழுத்தான், கிழிந்தது. இருப்பில் இன்னும் ஒரே ஒரு படலம்.

"நேரு வீதியில செல்லுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுறாரு ஒருத்தரு. ஒரு குமிழி நிக்காது. குடுத்துப் பாக்கலாமாண்ணா?"

"ஏன், பக்கத்துல பஞ்சர் கடையும் இருக்கே, காத்த புடுங்கச் சொல்லலாமா? மேடம் காதுல விழுந்துச்சு, ரெண்டு பேரும் காலி. இத அவங்க மூச்ச அடக்கி ஒட்டுவாங்க. தவம் மாதிரி!"

"ஒட்டும்போது பாத்திருக்கீங்களா?"

"சத்தம் ஆவாது அவங்களுக்கு. வெளியவே ஒட்டி எடுத்துட்டு வந்துடுவாங்க."

மூன்று மணிக்கு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய செம்மல், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்தக் கடைமுன் நின்றான். டிபன் பாக்ஸைத் திறந்து மின்முனையையும் படலத்தையும் நீட்டினான்.

"இது வந்து... வெளிநாட்டு வாட்சு."

கடைக்காரர் கன்னியப்பன் தலையாட்டினார். பழைய ஏடிஎம் கார்டை எடுத்தார். ஒரே இழுப்பு. படலம் கண்ணாடிபோலப் படிந்தது.

செம்மலுக்கு மூச்சு வந்தது. "என்னா ஏதுன்னு ஒண்ணுமே கேக்கலியேண்ணே?"

"கேக்கறதுக்கு என்னா இருக்கு தம்பி? இதே சாமானுக்குத்தான் பத்து வருஷமா ஒரு மேடத்துக்கு ஒட்டறேன். போம்போது பிரெஞ்சுல நன்றி, மெர்சிம்பாங்க. ஹெல்மெட்ட மட்டும் கழட்டவே மாட்டாங்க."