சொற்பிளப்பு முறையும் இருபது நாள் தண்ணீரும்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஆங்கிலச் சொற்களின் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த முதல் மனிதன் நான்தான். இது தற்பெருமை அல்ல. எங்கள் பள்ளியின் 'வாசிப்புத்திறன் மற்றும் சொல்வளப் பெருக்க உபகமிட்டி' இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறது. உபகமிட்டியின் தலைவர், காரியதரிசி, ஒரே உறுப்பினர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் நானே சுமந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

என் பெயர் ஜஸ்டஸ். 1931-ல் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் நாலாம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, இங்கிலீஷ் வாத்தியார். என் பிள்ளைகள் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசிப்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் மூச்சே விடமாட்டார்கள். இந்தக் குறையைப் போக்கவே 'சொற்பிளப்பு முறை'யைக் கண்டுபிடித்தேன். தெரியாத சொல் வந்தால் பயப்படாதே, பலாப்பழம்போல் இரண்டாகப் பிள, பாதிக்குப் பாதி அர்த்தம் எழுது, கூட்டு. அகராதி வேண்டியதில்லை. பள்ளியில் இருந்த ஒரே அகராதியும், ஹெட்மாஸ்டர் ராஜையன் அவர்களின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதால், வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது.

'அண்டர்' என்றால் கீழே. 'ஸ்டாண்ட்' என்றால் நில். ஆகவே 'அண்டர்ஸ்டாண்ட்' என்றால் வாத்தியாருக்குக் கீழே நின்று பணிவாகக் கேட்டுக்கொள்வது. இதை நான் விளக்கியபோது வகுப்பே அமைதியாக இருந்தது. அதைப் 'புரிதல்' என்று குறித்துக்கொண்டேன்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. அழகியநாயகி. தோவாளைப் பக்கத்து வயலூர்க்காரி, வயது பதினான்கு.

"சாரே, அப்பம் கார்பெட்ணா காரும் செல்லப்பிராணியுமா?"

"அது விதிவிலக்கு."

விதிவிலக்குகளுக்கென்று தனி நோட்டு ஒன்று போட்டேன். ஆவணி மாதத்தில் அது தீர்ந்துபோய் இரண்டாவது நோட்டு வாங்கினேன். விதிக்கு இன்னும் அரைப் பக்கம்தான் ஆகியிருந்தது.

மார்கழி முதல் வாரம் அழகியநாயகியின் அப்பா சுடலையாண்டி மகளோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். தோள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கையில் கால்வாய் ஆபீஸ் நோட்டீஸ். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை நம்பித்தான் அவர் ஊர் வயல் அத்தனையும் கிடந்தது.

"சாரே, இதுல என்னமோ இங்கிலீஷ்ல அடிச்சிருக்கான். எம்மவ ஒண்ணு சொல்லுகா. ஊருல ஒருத்தனும் நம்பமாட்டேங்கான். நீங்க பாத்துச் சொன்னா முடிஞ்சு போச்சு."

மொத்தம் ஐந்து வரி. முதல் வரியிலேயே முக்கியமான சொல்லைப் பிடித்துவிட்டேன். தை ஐந்தாம் தேதியிலிருந்து இருபது நாளைக்குத் தண்ணீர் 'வித்ஹெல்ட்' செய்யப்படும் என்றிருந்தது. அந்தச் சொல்லை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் முறை இருக்கும்போது பார்த்திருக்க வேண்டுமா என்ன? பிளந்தேன். 'வித்' என்றால் கூட. 'ஹெல்ட்' என்றால் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணும் பயப்படாதீங்க அண்ணாச்சி. தை மாசம் இருபது நாளும் தண்ணி உங்க கூடவே இருக்கும். விடாம பிடிச்சு வச்சிருப்பாங்க. சர்க்கார் உத்தரவு!"

"அதில்ல சாரே," என்றாள் அழகியநாயகி. "அடுத்த வரியப் பாருங்க. கரை ஒடஞ்ச எடத்தச் செப்பனிடப் போறதா இருக்கு. தண்ணி ஓடிட்டிருந்தா கரைய எப்படிக் கெட்டுவாங்க? தண்ணிய நிறுத்தப் போறாங்க. ஆட்சேபணை உள்ளவங்க பத்து நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்ணு கடைசி வரியில இருக்கு. நல்ல காரியம்ணா ஆட்சேபணை எதுக்குக் கேக்கணும்?"

"வித்ஹெல்ட்டுக்கு உனக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது சாரே."

"தெரியாத சொல்லுக்கு அர்த்தம் சொல்லலாமா?"

"முன்னயும் பின்னயும் வாசிச்சா தெரியுகே."

ஒரு சொல்லின் அர்த்தத்தைப் பக்கத்துச் சொற்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுவதற்குச் சமம் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அப்படி ஒரு உவமை தோன்றியதில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சுடலையாண்டிக்கு முகம் தெளிந்தது. "ஏட்டி, சும்மா கெட. சாரு படிச்ச மனுஷன்." மறுநாள் என் வீட்டுக்கு ஒரு குலை மட்டி வாழைப்பழம் வந்தது. ஒரு வாரம் தின்றேன்.

தை ஐந்தாம் தேதி கால்வாயில் தண்ணீர் நின்றது.

நெல் பால் பிடிக்கிற பருவம். மூன்றாம் நாள் மேட்டு வயல் வெடித்தது. ஐந்தாம் நாள் வெடிப்பில் கை நுழைந்தது. ஆறாம் நாள் சுடலையாண்டி என் வீட்டு நடையில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"சாரே, கால்வாய் ஆபீசுவரைக்கும் கொஞ்சம் கூட வரணும்" என்றார்.

அவர், மகள், நான் மூன்று பேரும் நடந்தே போனோம். அழகியநாயகி வழியெல்லாம் நோட்டீசைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே வந்தாள். நான் எந்தச் சொல்லையும் பிளக்கவில்லை.

ஓவர்சியர் செல்வதாஸ் மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர், பேச்சு இழுவையாக இருக்கும். "ஒரு மாசம் முன்ன நோட்டீஸ் தந்தோம். ஒத்தக் கடுதாசி வந்திருந்தாப் போரும், அறுப்பு கழிஞ்சே வேலையத் தொடங்கியிருப்போம். ஒங்க ஊருக்கு வாசிச்சுச் சொல்ல ஒரு ஆளும் இல்லியா?"

சுடலையாண்டி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இல்ல ஏமானே. ஒருத்தருமில்ல."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன். உள்ளதைத்தான் சொன்னார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போதாவது எழுதிக் கொடுங்கள் என்றார் செல்வதாஸ். உடனே பேனாவைத் திறந்தேன். கருணைக்கடலாகிய ஓவர்சியரின் பாதாரவிந்தங்களில் தொடங்கி, சூரியன், சந்திரன் வழியாக, மூன்று பக்கத்தில் ஒரு விண்ணப்பம். அவர் முழுவதையும் வாசித்தார். பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"நல்ல இங்கிலீஷ். சாரே, இப்பம் என்ன வேணும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் அழகியநாயகி தான் இங்கிலீஷில் எழுதிவைத்திருந்த ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். நான்கே வரி. நெல் பால் பிடிக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தண்ணீர் வேண்டும். அந்த இரண்டு நாளும் உடைந்த கரையில் எங்கள் ஊர்க்காரர்கள் மண்மூட்டை அடுக்கிக் காவல் நிற்பார்கள். கரை வேலையை அறுப்புக்குப் பிறகு முடித்துக்கொள்ளலாம். நான்கு வரியில் ஆறு பிழை. வாட்டருக்கு ஒரு 'டி' அதிகம். திருத்துவதற்குக் கையை நீட்டினேன். அதற்குள் செல்வதாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாதி வயல் பிழைத்தது. கடைசி மடை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. கதிர் நிமிர்ந்து நின்றது. உள்ளே அரிசி இல்லை. அந்த மாதிரி நெல்லைச் 'சாவி' என்போம். பூட்டைத் திறப்பதும் சாவிதான். இத்தனை வருஷமும் நான் பிள்ளைகள் கையில் கொடுத்தது எந்தச் சாவி என்று வரப்பில் நின்று யோசித்தேன்.

சாவியாய்ப் போன வயல் சுடலையாண்டியுடையது. ஒரு கதிரை உருவி ஊதிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"சாரே, அடுத்த வருஷமும் பிள்ளைக்கு இங்கிலீஷ் நீங்கதானா?"

"ஆமா அண்ணாச்சி."

கதிரை வரப்பில் போட்டார்.

"வேற எடத்துக்கு மாத்த முடியாதா?"

"பிள்ளையையா?"

"இல்ல. ஒங்கள."

பங்குனியில் பள்ளி ஆண்டுவிழா. அன்று மேடையேறி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முதல் வாக்கியத்தை மனப்பாடமே செய்துவிட்டேன்: 'அந்த ஊருக்குத் தண்ணீர் நின்றதற்கு நானே காரணம்.' ஆனால் எனக்கு முன்னால் ராஜையன் அவர்கள் அறிக்கை வாசித்தார். 'நம் பள்ளி மாணவி ஒருத்தி நான்கே வரியில் கால்வாயைத் திறந்தாள். இது சொற்பிளப்பு முறையின் மகத்தான வெற்றி.'

நான் அவர் காதருகே குனிந்தேன். "சார், அந்த நோட்டீஸ தப்பா வாசிச்சதே நான்தான்."

"தெரியும் ஓய். அறிக்கையில அத 'ஆரம்பகட்ட அனுபவம்'னு போட்டிருக்கேன். பேசாம இரும்."

பிறகு, என்னை உயர்த்தி வேறு இடத்துக்கு மாற்றும் மேலிடத்து உத்தரவு ஒன்றை எடுத்து வாசித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் எழுந்தேன். மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில்லை. வாத்தியார்களுக்குச் சொற்பிளப்பு முறையை நடத்துகிறேன். தோவாளையிலிருந்து விளவங்கோடுவரை வருஷத்துக்கு அறுபது பேர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் நாற்பது பிள்ளைகள். சுடலையாண்டி கேட்டது அப்படியே நடந்துவிட்டது. அவர் மகளுக்கு நான் இல்லை. மற்ற எல்லார் பிள்ளைகளுக்கும் நான்தான்.