ரவிக்கைத் துணி எண் பதினேழு

வலியசாலை,
திருவனந்தபுரம்,
கார்த்திகை 12.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, சங்கரன்கோவில் கோமதிநாயகம் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு ஆறுமுகசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் அனுஷாவும் சௌக்கியம். என் மனைவி கிருஷ்ணவேணியும் சௌக்கியம் என்றே நினைக்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே தாங்களும் மதினியும் மாப்பிள்ளை லிங்கராஜும் நலமாக இருக்க அம்மன் துணையிருப்பாள்.

அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. தையில் கல்யாணம் நடக்குமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் விவரம் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருஷம் புள்ளிவிவரத் துறையில் இருந்தவனுக்கு, விவரமில்லாமல் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

அனுஷாவின் கம்பெனி துணி ஆலைகளுக்குத் தகவல் திரட்டிக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "எத்தன துணிய ஆளுக உடுத்தாமலே வச்சிருக்காங்கன்னு ஒருத்தர்கிட்டயும் டேட்டா இல்லப்பா. தெரிஞ்சா அவ்வளவு நெய்யவும் வேண்டாம், சாயத்தண்ணிய ஆத்துல விடவும் வேண்டாம்." அன்றைக்கே பீரோவைத் திறந்தேன். தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணி மட்டும் முப்பத்தேழு. ஒன்றில்கூட ஊசி படவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சலவைக்குறி போல அழியாத மையில் எண் போட்டு, ஒரு பதிவேடும் திறந்துவிட்டேன். கிருஷ்ணவேணி யாருக்கு எதைக் கொடுத்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு வருஷத்தில் ஒன்பது துணிகள் ஊரைச் சுற்றி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. எண் நான்கு, பழவங்காடியில் கடை வைத்திருக்கும் குடும்பம் வழியாகப் பதினோரே நாளில் வந்து சேர்ந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. ஊதா நிறத்து எண் பதினேழுதான் வெளியே போய் எட்டு மாதமாகத் தகவலே இல்லை.

இந்த நிலைமையில்தான் நிச்சயத்தன்று உங்கள் வீட்டுத் தட்டில், சேலைக்குக் கீழே, ஊதா நிறத்தைப் பார்த்தேன். ஓரத்தைத் திருப்பினேன். "ஏட்டி, வந்துட்டு! பதினேழு வந்துட்டு!" என்று நூற்றிருபது பேர் நடுவில் கத்தியது என் தவறுதான். எங்கள் துணியையே நீங்கள் எங்களுக்குத் திருப்பித் தந்ததாகச் சபை நினைத்துக்கொண்டது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று நான் பதிவேட்டையும் எடுத்துவந்து வாசித்தேன். மதினி முகம் கறுத்துப்போனது. நீங்கள் எல்லோரும் பாயசம்கூடச் சாப்பிடாமல் வேனில் ஏறிவிட்டீர்கள். "அப்பா, எந்தொரு நாணக்கேடு!" என்றாள் அனுஷா. மலையாளத்தில் திட்டினால் அவளுக்கு நிஜமான கோபம் என்று அர்த்தம்.

மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி. மனதாரக் கேட்கிறேன். மகள் அழுததைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஆய்வை நிறுத்தச் சொன்னால் மட்டும் முடியாது. கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்கு ஒரு துண்டு புது ரவிக்கைத் துணிகூட வாங்கக்கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதே தாராளம். பதினேழு உங்களுக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மதினியிடம் மெல்லக் கேட்டு ஒரு வரி எழுதினால், பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்காது.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், இன்னும் என்னோடு பேசுகிறவர்கள் அனைவருக்கும் அன்பு.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கிருஷ்ணவேணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "பதினேழு எங்கேயும் போகல. ஒங்க நச்சரிப்பு தாங்காம குடுத்துட்டேன்னு சொன்னேன், பீரோவுலதான் கெடந்துச்சு. அன்னைக்கு மதினி ரவிக்கத்துணி எடுத்துட்டு வர மறந்துட்டாங்க. பைய மறுபடி மறுபடி தொழாவிக்கிட்டு நின்னாங்க. நாந்தான் யாருக்கும் தெரியாம சேலைக்கு அடியில வச்சேன்." அவள் காப்பாற்றிய மானத்தை நான்தான் பதிவேடு வைத்து வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது அண்ணாச்சி. இது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று கையிலடித்துச் சத்தியம் வாங்கினாள். விவரம் விட்டுப்போகக்கூடாதே என்று எழுதிவிட்டேன், மதினியிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். மற்ற முப்பத்தாறில் எத்தனை உண்மை என்று கேட்டேன். மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டாள்.