வெயில் மாஸ்டரும் பச்சை ஒட்டகமும்

சூரியனைச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வைத்திருந்த மனிதர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒருவர்தான். எங்கள் பழைய தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வெயில் மாஸ்டர் என்றால்தான் திரும்புவார்.

டியூப்லைட்டில் ஒரு நிறம், வெளிச்சத்தில் ஒரு நிறம் என்று பட்டு நூல் ஆளை ஏமாற்றும். அதனால் சாயம் போட்ட நூலை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள். ஊரில் எல்லாச் சாயக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்தான். மற்றவர்கள் நூலோடு நிறுத்திக்கொண்டார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை.

ஒரு நாள் ஓட்டலில் சாம்பார்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தார். ஓட்டல்காரர் பின்னாலேயே ஓடினார்.

"மாஸ்டர், கிண்ணத்த எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"வெயில்ல பாக்கறேன்பா. உள்ள ஒண்ணும் புரியல."

நடுத்தெருவில் நின்று கிண்ணத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நேத்து சாம்பார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அது நேற்று சாம்பார்தான் என்பதால் ஓட்டல்காரர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தால் அது வெயிலுக்குப் போகும். பேத்தியின் மார்க் ஷீட் வெயிலுக்குப் போகும். ஐப்பசி மழையில் பத்து நாள் மேகம் மூடிவிட்டால் அந்தப் பத்து நாளும் அவருக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் கிடையாது. "மழை விடட்டும்மா, சொல்றேன்" என்பார்.

மகள் சுமதியைப் பெண் பார்க்க வந்த ஐயம்பேட்டைப் பையனை, பஜ்ஜி சாப்பிட்ட கையோடு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நேரம் பகல் பன்னிரண்டு. பையன் முழுக்கைச் சட்டையில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றான். வியர்த்துக் கொட்டியது. மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். பையனின் அம்மா பொறுக்க முடியாமல், "எங்க புள்ள மேல இன்னா சந்தேகம் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"சந்தேகம் இல்லமா. சாயம் போவாத புள்ள. தேதி பாத்துடலாம்."

அந்தக் குடும்பம் நன்றாகவே நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி ஒட்டகத்துக்கு வருகிறேன். என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் முடியாது. நான் இப்போது செவிலிமேட்டில் குடியிருந்துகொண்டு தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வரும் ஜீவன். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறேன். எனக்கென்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதிலும் பாதி துணி துவைப்பதில் போய்விடும். மீதிப் பாதியில் படுத்துக் கிடப்பேன். அப்படி ஒரு ஞாயிறை மாஸ்டருக்காக விட்டுக் கொடுத்தேன் என்றால், அதற்குப் பின்னால் முப்பது வருடக் குற்றம் ஒன்று இருக்கிறது.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது தெருவிலேயே முதல் கலர் டிவி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஞாயிறு காலையில் ஒரு கார்ட்டூன் போடுவார்கள். பட்டணத்தில் ஒரு குடும்பம், அவர்கள் வீட்டில் ஒரு ஒட்டகம். அது லிப்டில் ஏறும், ஐஸ்கிரீம் கடையில் வரிசையில் நிற்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள். மாஸ்டரின் மகள் சுமதிக்கு அப்போது ஆறு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு மாஸ்டரும் வந்து கதவோரம் நிற்பார்.

டிவி வந்த மூன்றாம் நாள், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்றை நான் டிவித் திரையில் ஒட்ட வைத்துப் பார்த்தேன். படம் சுழித்துக்கொண்டு வேடிக்கையாக இருந்தது. காந்தத்தை எடுத்த பிறகு வேடிக்கை போகவில்லை. திரையின் நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிட்டது.

என் அப்பாவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். தோலை உரித்துத் தொங்கவிட்டிருப்பார். நல்லவேளையாக அவருக்குக் கோபத்தைவிடக் கௌரவம் அதிகம். தன் வீட்டுப் புது டிவி கெட்டுப் போகும் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. "கலர் டிவின்னா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். செய்தி வாசிக்கும் அம்மாள் பச்சையாக வணக்கம் சொன்னார். கிரிக்கெட் ஆடுபவர்கள் திரையின் ஓரத்துக்கு ஓடியபோது மட்டும் மனித நிறத்துக்குத் திரும்பினார்கள். ஒட்டகம் எப்போதும் திரைக்கு நடுவில்தான் நிற்கும். அதனால் அது கிளிப்பச்சை.

சுமதி அந்த ஒட்டகத்தின் நிறத்தில் பாவாடை கேட்டு அழுதாள். மாஸ்டர் நூலைத் தொட்டியில் முக்கி எடுத்தார், வெயிலில் பார்த்தார், மறுபடி முக்கினார். தறியில் கொடுத்து நெய்து வாங்கிப் பாவாடை தைத்துப் போட்டார். அச்சு அசல் எங்கள் வீட்டு ஒட்டகம். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பெண் அழுதுகொண்டே திரும்பினாள். அவள் வகுப்பில் வேறு தெருப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டு டிவியில் ஒட்டகம் ரோஸ்.

"அவங்க டிவி எல்லாம் கெட்டுப் பூட்டுதுமா. ஒட்டகம் பச்சைதான்" என்றார் மாஸ்டர்.

அன்றைக்குச் சொன்னது, சொன்னதுதான். முப்பது வருடமாக ஊரே அவரைக் கிண்டல் செய்தது. பட்டுக் கடையில் போய் நின்றால், "வாங்க மாஸ்டர், ஒட்டகப் பச்சையில ஒரு புடவை போடலாமா?" என்பார்கள். நிறத்துக்கென்றே பிறந்த மனிதரின் ஒரே கறை அது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொல்ல மாட்டேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லவில்லை. பழகிப்போன பயத்துக்கு ஆள் தேவையில்லை போலிருக்கிறது.

இந்த வருடம் அந்தக் கார்ட்டூனைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். நிஜ மனிதர்கள், கம்ப்யூட்டர் ஒட்டகம், குடும்பத்தோடு பார்க்கலாமாம், தமிழிலேயே பேசுமாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போஸ்டர் ஒட்டினார்கள். ஒட்டகம் ரோஸ். தெருவே மாஸ்டர் வாசலுக்கு வந்தது.

"இப்ப இன்னா சொல்றீங்க மாஸ்டர்?"

"போஸ்டர் வெயில்ல வெளுத்துப் போயிருக்குதுபா."

"பச்சை வெளுத்தா ரோஸ் ஆவுமா?"

"மலிவு சாயம் இன்னா வேணா ஆவும்."

வாழ்நாளெல்லாம் வெயிலைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர், அன்று வெயிலையே குற்றவாளி ஆக்கினார். ஆனால் இம்முறை விளையாட்டு அவரோடு நிற்கவில்லை. சுமதியின் மகள் மகாவுக்கு ஆறு வயது. தாத்தா சொன்னார் என்று பள்ளிக்கூடத்தில் அவளும் பச்சைக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். அம்மாவின் பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டுதான் படத்துக்கு வருவேன் என்கிறாள். சுமதி போன் செய்தாள்.

"அக்கா, நீயும் வாயேன். அப்பாவ தனியா என்னால சமாளிக்க முடியாது."

எனக்கு உடம்பெல்லாம் வலி. போனேன்.

த்ரீ-டி படம் என்று தியேட்டரில் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். மாஸ்டர் அதை மாட்டியதும், "இத போட்டுக்கினு கலர் பாக்கறவன் உருப்படுவானா?" என்று கழற்றிவிட்டார். விளக்கு அணைந்தது. லிப்டுக் கதவு திறந்தது. தேர் அளவுக்கு ஒரு ஒட்டகம் வெளியே வந்து நின்றது. நல்ல, பளிச்சென்ற, மறுக்க முடியாத ரோஸ்.

மகா போட்டிருந்த பச்சைப் பாவாடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது அதோட தம்பியா இருக்கும்" என்றார் மாஸ்டர். சிறிது நேரம் கழித்து, "விளக்கு சரியில்ல" என்றார். இடைவேளையில் மேனேஜரைத் தேடிப் பிடித்து, படத்தை வெளியே வெயிலில் ஒரு நிமிடம் காட்ட முடியுமா என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பாப்கார்ன் பொட்டலத்தைப் பார்த்தேன்.

படம் முடிந்து வெளியே வந்தோம். மத்தியான வெயில் கொளுத்தியது. சுமதி ஆட்டோ பிடிக்கப் போனாள். மகா மாஸ்டரின் கையை விட்டாள்.

"தாத்தா, பொய் சொன்னியா?"

அந்த மனிதர் சாம்பாருக்கு, மாப்பிள்ளைக்கு, மாத்திரைக்கு எல்லாம் தீர்ப்புச் சொன்னவர். அன்று அவர் சினிமா டிக்கெட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருடம் சுமந்ததை அந்த ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் இறக்கி வைத்தேன்.

"தாத்தா பொய் சொல்லல மகா. எங்க வீட்டு டிவியில ஒட்டகம் பச்சையாத்தான் தெரிஞ்சுது. நான்தான் காந்தத்த வச்சு டிவிய கெடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது மாஸ்டர்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன்.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"செய்தி வாசிக்கிற அம்மா மூஞ்சி பச்சையா இருந்துது. சாயக்காரனுக்கு அதுகூடவா தெரியாது? அப்ப நீ உன் பாவாடையில காந்தத்த முடிஞ்சு வச்சிருந்த. ஊக்கெல்லாம் துணிக்கு வெளியில இருந்தே அதுல ஒட்டிக்கினு இருந்துது."

"அப்புறம் ஏன் பச்சையில போட்டீங்க?"

"என் பொண்ணு பாத்த ஒட்டகம் பச்சை. அவ கேட்டது அதத்தான். அழுதுகினு வந்தப்ப, உங்க வீட்டு டிவிதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா அவ அந்தப் பாவாடைய தொட மாட்டா. உங்க அப்பா உன்ன உரிச்சிடுவாரு. ஒரு ஒட்டகத்துக்காக ரெண்டு பொண்ணுங்க அழணுமா? ஊர் என்னப் பாத்து சிரிச்சா சிரிச்சிட்டு போவுது."

மகா குனிந்து பாவாடையைப் பார்த்தாள். "அப்ப நம்ம ஒட்டகம் பச்சை. சினிமாக்காரங்க ஒட்டகம் ரோஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுபடி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

ஆட்டோ வந்து நின்றது. மாஸ்டர் ஏறவில்லை. என் முழங்கையைப் பிடித்து, மரத்தடி நிழலிலிருந்து இரண்டு அடி வெயிலுக்கு இழுத்தார். நூலைப் பார்ப்பது போலவே, கண்ணைச் சுருக்கி, என் முகத்தை இந்தப் பக்கம் ஒரு முறையும் அந்தப் பக்கம் ஒரு முறையும் பார்த்தார்.

"ரொம்ப வெளுத்துப் பூட்டமா நீ. சரியா தூங்கறது இல்லியா? ஒரு நாள் லீவு போடு."

அலுவலகத்தில், ரயிலில், வீட்டில் எத்தனையோ பேர் தினம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மறுநாள் லீவு போட்டேன்.