பல்லவிக்கு வெங்காயம் ஆகாது

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டனுங்கப்பா."

"யாருகூட?"

போனில் வந்த இந்தக் கேள்விதான் வம்பு. ஹனூரிலிருந்து அப்பா சுப்பையா கட்டி அனுப்பிய கேரியரை, பஸ் கண்டக்டர் விஜய்குமார் அந்த ஞாயிறு காலையில் மைசூர் பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காவேரி அங்கேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒண்டியாகத் தின்று முடித்திருந்தாள். பி.எஸ்ஸி. முதலாண்டு சேர்ந்து பத்து நாள். வகுப்பில் எல்லாரும் அதற்குள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். இவளுக்குப் பக்கத்தில் இவள் பைதான் உட்கார்ந்திருந்தது.

உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் காலேஜில் சேர்க்கும்போதே அப்பா சொல்லியிருந்தார்: "தனியாக் கெடந்து வாடறயின்னு தெரிஞ்சுதுன்னா, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். கொள்ளேகாலத்துலயும் காலேஜ் இருக்குது."

அவளுக்கு இந்தக் காலேஜின் பிசிக்ஸ் லேப் என்றால் உயிர். அதை விட்டுப் போவதாவது!

"பல்லவிகூடங்கப்பா" என்றாள்.

உலகத்தில் ஆயிரம் பல்லவிகள் இருக்கலாம். காவேரிக்கு ஒருத்தியைக்கூடத் தெரியாது.

அடுத்த ஞாயிறு இரண்டு கேரியர் வந்தது. "ஒண்ணு பல்லவிக்காம்" என்றார் விஜய்குமார்.

சுப்பையா கல்யாணச் சமையல்காரர். அந்தக் கைச் சமையலைக் குப்பையில் கொட்டப் பெற்ற மகளுக்கு மனசு வருமா? இரண்டையும் அவளே தின்றாள். திங்கட்கிழமை முழுக்க வகுப்பில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

சாயங்காலம் ஒரு யுக்தி தோன்றியது. போன் போட்டாள்.

"அப்பா, பல்லவி மேல்கோட்டைக்காரிங்க. வெங்காயம், பூண்டு தொட மாட்டா. அவளுக்கு அனுப்ப வேண்டாமுங்க."

"அட, இதை முன்னாடியே சொல்லப்படாதா!"

அடுத்த ஞாயிறு மூன்று கேரியர். ஒன்று மகளுக்கு. ஒன்று வெங்காயம், பூண்டு சேர்க்காமல் பல்லவிக்கு. மூன்றாவது, பல்லவியைப் பார்க்க அவள் வீட்டில் யாராவது வந்தால் வெறும் வாயோடு போகக்கூடாதே, அதற்காம்!

காவேரிக்கு அழுகையே வந்துவிட்டது. "பல்லவி ஊருக்குப் போயிட்டாளுங்கப்பா" என்றாள்.

"ஐயையோ! அப்ப நீ தனியாவா கெடக்கற? இரு, நாளைக்குக் காலைல பஸ் ஏறறேன்."

"இல்லீங்கப்பா! இன்னும் நாலு பேரு இருக்காங்க! ரொம்ப நல்லவங்க!"

வாய் இருக்கிறதே, அதைத் தைத்துப் போட வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிறு பஸ்ஸிலிருந்து ஒரு போசி நிறையப் புளிசாதம், ஒரு தூக்குவாளி சாம்பார், ஒரு கூடை வெங்காய வடை இறங்கின. கல்யாணச் சமையல்காரருக்கு ஐந்து பேர் என்றால் பதினைந்து இலை.

"பந்தி எங்கம்மா?" என்றார் விஜய்குமார்.

சாம்பார் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் விஜயநகர் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தாள். இதை ஒருத்தி தின்ன முடியாது. ராத்திரிக்குள் ஊசிவிடும். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

தன்மயி என்கிற மாண்டியா பெண் திறந்தாள். அதே வகுப்புத்தான், ஆனாலும் ஒரு மாதமாக இருவருக்கும் குழாயடியில் தலையசைப்பு மட்டும்தான் பழக்கம்.

"எங்கப்பா சமைச்சது..." என்று தன்னை மறந்து தமிழில் சொல்லிவிட்டாள் காவேரி.

"ஏ, நீயும் தமிழா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே கணே! அது என்ன, வெங்காய வடையா?" என்றாள், 'அடி'க்குப் பதில் கன்னடத்துக் 'கணே' போட்டு.

பத்து நிமிஷத்தில் ஒன்பது தட்டு வந்துவிட்டது. வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து, வாளியை வழித்து, வடைக்குச் சண்டை போட்டார்கள். மைசூருக்கு வந்தபின் காவேரி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்த நாள் வகுப்பில் தன்மயி அவள் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இனி நிம்மதி என்று நினைக்கும்போது போன் வந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழமை நானே வர்றேன் கண்ணு. ஊருக்குப் போன பல்லவி அதுக்குள்ள வந்திருப்பால்ல, அவளக் கண்ல பாக்கோணும்."

காவேரி தன்மயியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "பொய்னு தெரிஞ்சா கையோட கூட்டிட்டுப் போயிருவாரு. ஒரே ஒரு நாள் நீ பல்லவியா இரு."

"சரி கணே." தன்மயி திடீரென்று நிமிர்ந்தாள். "அப்ப நான் வெங்காயம் சாப்பிடக் கூடாதா?"

"அப்பா திரும்பிப் போற வரைக்கும்."

"இது ரொம்ப அநியாயம்!"

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் சுப்பையா வந்து இறங்கியதும் முதலில் திறந்தது வெங்காய வடைக் கூடையைத்தான். வாசம் ஆளைத் தூக்கியது.

"வேண்டாம் அங்கிள்" என்று எச்சிலை விழுங்கினாள் தன்மயி. "நாங்க வெங்காயம்... தொடறதில்ல."

அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார் சுப்பையா. "ஒரு நாளைக்குச் சாப்பிடு கண்ணு, ஒண்ணும் ஆகாது."

தன்மயி ஆறு வடை தின்றாள். வெங்காயம் தொடாதவள் இப்படித் தின்கிறாளே என்று சுப்பையா ஒரு கேள்வி கேட்க வேண்டுமே! ஊஹூம். வாயெல்லாம் பல்லாக ஏழாவதையும் எடுத்து நீட்டினார் மனுஷர். பிறகு இருவர் தலையையும் தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

"தப்பிச்சோம் தன்மயி! அப்பாவுக்கு ஒரு துளி சந்தேகம் வரல" என்று பெருமூச்சு விட்டாள் காவேரி.

படியில் நின்றிருந்த விஜய்குமார் சிரித்துவிட்டார். "அட போம்மா! மொத கேரியர் வந்த ஞாயித்துக்கெழமையே உங்கப்பாரும் இந்த பஸ்லதான் வந்தாரு. நீ ஒண்டியா உக்காந்து திங்கறதை ஜன்னல் வழியாப் பாத்துட்டு, 'எறங்குனா புள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன், அது படிக்கோணும் விஜய்குமாரு, நான் சோத்தை ஏத்தி ஏத்தி அனுப்பறேன், திங்க மாட்டாம யாரையாச்சும் கூப்பிட்டுத்தானே ஆகோணும்'னு அழுதுக்கிட்டே திரும்பிப் போனாரு."